நிலவுப் பயணம் பொய்யா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். ஈர்ப்புப் புலம் பாடத்தைத் தொடங்கினால் போதும், பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும்: "சேர், நிலவுக்குப் போனது உண்மைதானா?" பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரும் வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைக் காட்டி அதையே கேட்கிறார்கள். கேட்பது தவறே இல்லை. கேட்டவருக்கு ஒழுங்கான பதில் கிடைக்காமல் போவதுதான் என்னை வருத்துகிறது. எனவே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். "நாசா சொல்லிவிட்டது, ஆகவே நம்புங்கள்" என்று எந்தப் பதிலிலும் கேட்க மாட்டேன்.

எல்லாச் சான்றுகளையும் தருவது நாசாதானே? குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியும் சொன்னால் எப்படி ஏற்பது?

இதுதான் முதலில் தீர வேண்டிய கேள்வி. அரசாங்கங்கள் பொய் சொல்லாது என்று இந்த நாட்டில் வாழும் தமிழரிடம் யாரும் வாதாட முடியாது. சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தேகப்படுகிறவர் அத்தோடு நின்றுவிடாமல் எதிர்த்தரப்பின் சாட்சியத்தையும் தேட வேண்டும். அமெரிக்காவின் அப்பலோ திட்டம் மனிதரை முதன்முதலில் நிலவில் இறக்கிய 1969 இல் எதிர்த்தரப்பு சோவியத் ஒன்றியம்.

முதல் செய்மதி (1957), முதல் விண்வெளி வீரர் யூரி ககாரின் (1961), முதல் வீராங்கனை வலன்ரீனா தெரெஷ்கோவா (1963) என்று தொடக்கத்தில் முந்தி நின்றது சோவியத்துதான். மனிதரை நிலவுக்கு அனுப்புவதற்காக அவர்களும் ஒரு மாபெரும் ரொக்கெட்டைக் கட்டினார்கள். 1969 பெப்ரவரியிலும் ஜூலையிலும் அதை ஏவிப் பார்த்து இரண்டு முறையும் தோற்றார்கள். அமெரிக்கா நாடகம் ஆடியிருந்தால் அதை உலகத்தின் முன் போட்டு உடைக்க அவர்களைவிட ஆவல் கொண்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. அதற்கான கருவிகளும் அவர்களிடம் இருந்தன. உடைக்கவில்லை. மாறாக 1971 இல் தங்கள் ஆளில்லாத லூனா 16 கலம் கொண்டுவந்த நிலவு மண்ணைக் கொடுத்து அமெரிக்காவிடமிருந்து அப்பலோ மண்ணைப் பெற்றுக்கொண்டார்கள். போலி மண்ணாக இருந்திருந்தால் மொஸ்கோ ஆய்வுகூடத்தில் அன்றே வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

அந்த ஜூலை மாதத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது அப்பலோ 11 மட்டுமல்ல. சோவியத்தின் ஆளில்லாத லூனா 15 கலமும் அங்கே இருந்தது. இங்கிலாந்தின் ஜொட்ரல் பாங்க் வானொலித் தொலைநோக்கி இரண்டின் சமிக்ஞைகளையும் கேட்டுப் பதிவு செய்தது. அப்பலோ 11 இன் இறங்கு கலமான ஈகிள் இறங்கும்போது அதன் வேகம் மாறியதும், ஆம்ஸ்ட்ரோங் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டு பாறைகளற்ற இடம் தேடியதும் அந்தப் பதிவில் தெரிகின்றன. லூனா 15 மறுநாள் நிலவில் மோதிச் சிதைந்ததையும் அதே நிலையம் பதிந்தது. அந்தப் பெருந்தட்டை நிலவை நோக்கித் திருப்பாமல் இந்தச் சமிக்ஞைகளைப் பிடிக்க முடியாது. படப்பிடிப்பு நடந்ததாக வதந்தி சொல்லும் நெவாடா பாலைவனத்திலிருந்து ஒலிபரப்பி இங்கிலாந்துக்காரரை நிலவின் பக்கம் திரும்ப வைக்க வழி கிடையாது.

இன்றைக்கு நெருக்கமாக வந்தால் இன்னும் சாட்சிகள் கிடைக்கின்றன. ஜப்பானின் ககுயா கலம் 2008 இல் அப்பலோ 15 இறங்கிய இடத்தின் நில அமைப்பை அளந்தது. அந்த அளவுகளிலிருந்து வரைந்த மலைத் தோற்றம், 1971 இல் வீரர்கள் எடுத்த புகைப்படத்தோடு ஒத்துப்போனது. இந்தியாவின் சந்திரயான் 2 சுற்றுக்கலம் 2021 இல் அப்பலோ 11 இன் அடித்தட்டை, அதாவது வீரர்கள் நிலவிலேயே விட்டுவந்த இறங்கு கலத்தின் கீழ்ப்பகுதியை, படமெடுத்தது. ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் அமெரிக்காவின் பழைய பொய் ஒன்றைக் கட்டிக்காக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

1969 இல் இலங்கையில் யாரும் அதைத் தொலைக்காட்சியில் பார்க்கவில்லையே?

பார்த்திருக்க முடியாது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 இல்தான் தொடங்கியது. 1969 இல் நம் வீடுகளுக்குச் செய்தியைக் கொண்டுவந்தவை வானொலியும் நாளிதழ்களும்.

ஈகிள் இறங்கியபோது கொழும்பில் ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ரோங் நிலவின் தரையில் கால் வைத்தபோது இங்கே காலை 8.26. அது வளர்பிறை, அமாவாசை கழிந்து ஏறக்குறைய ஆறரை நாள். அந்த நேரத்தில் கொழும்பு வானில் நிலவு எழுந்திருக்கவே இல்லை. முற்பகல் முடியும் வேளையில்தான் எழுந்தது. ஆனால் கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலும் அது அடிவானத்துக்கு மேலே இருந்தது. நேரடிப் படங்களைப் பிடித்தவை எவை என்று பாருங்கள்: கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்ரோன், அவுஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிறீக், சிறிது நேரம் கழித்து பார்க்ஸ். நிலவு தெரிந்த இடங்கள் மட்டுமே படத்தைப் பெற்றன. இதைப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

படங்களில் நட்சத்திரமே இல்லையே?

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இறங்கியவர்கள் நிலவின் பகலில் இறங்கினார்கள். வெயிலில் பளிச்சிடும் தரையையும் வெள்ளை உடையையும் படமெடுக்கக் கமெராவின் திறப்பு நேரத்தைக் குறைக்க வேண்டும். அந்தக் குறுகிய நேரத்தில் நட்சத்திரத்தின் மங்கிய ஒளி படச்சுருளில் பதியாது. இன்று இரவு காலிமுகத்திடலில் பலமான விளக்குக் கம்பத்தின் கீழே நண்பரை நிற்கவைத்துக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். பின்னால் உள்ள வானத்தில் எத்தனை நட்சத்திரம் பதிகிறது என்று பாருங்கள்.

காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி அசைந்தது?

கொடியின் மேல் ஓரத்தில் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது. காற்றில்லாத இடத்தில் துணி தொங்கிவிடும் என்று முன்கூட்டியே தெரிந்ததால்தான் அதைப் பொருத்தினார்கள். அப்பலோ 11 இல் அந்தக் கம்பி முழுவதும் நீளாமல் சிக்கிக்கொண்டது. சுருக்கங்கள் அதனால் வந்தவை. கம்பத்தைத் திருகி ஊன்றும்போது துணி ஆடியது. ஆட்டத்தைத் தணிக்கக் காற்று இல்லாததால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஆடியது. கையை எடுத்த பின்னர் கொடி அசையாமல் நிற்பதையும் அதே காணொளியில் காணலாம். பரப்பப்படும் துண்டுகளில் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

நிழல்கள் ஒரே திசையில் விழவில்லையே? பல விளக்குகள் இருந்தனவோ?

பல விளக்குகள் இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் பல நிழல்கள் விழும். அப்படி ஒரு படமும் இல்லை. மேடுபள்ளமான தரையில் விழும் நிழல் வளையும். இணையான கோடுகள் தூரத்தில் ஒன்றையொன்று நெருங்குவதுபோலத் தோன்றும். வெள்ளவத்தைக் கடற்கரையோரத் தண்டவாளத்தைப் பார்த்த கண்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

இறங்கு கலத்தின் அடியில் குழியே ஏற்படவில்லையே?

உயர்தர மாணவருக்கு இது ஒரு சிறு கணக்கு. இறங்கும் தறுவாயில் இயந்திரத்தின் உந்துவிசையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 1,350 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. இயந்திர வாயின் விட்டம் சுமார் 1.5 மீற்றர். விசையைப் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தம் வரும். மேல் தூசியை ஊதித் தள்ள அது போதும், கெட்டியான அடித்தரையைத் தோண்டப் போதாது. தூசி ஊதப்பட்ட தடம் தரையில் எடுத்த படங்களிலும் தெரிகிறது. அப்பலோ 15 இறங்கிய இடத்தைச் சுற்றிய வெளிறிய வட்டமாக ககுயாவின் படத்திலும் தெரிந்தது.

தூசியைப் பற்றிப் பேசும்போது நான் மிகவும் மதிக்கும் சான்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பலோ 16 வீரர்கள் நிலவு வண்டியை ஓட்டிச் செல்லும் படச்சுருளைத் தேடிப் பாருங்கள். சில்லுகள் கிளப்பும் தூசி புகையாகச் சுருண்டு மிதக்கவில்லை. ஒவ்வொரு துகளும் எறியப்பட்ட கல் செல்லும் பரவளைவில் ஏறி, அப்படியே தரையில் விழுகிறது. பூமியில் எந்தப் படப்பிடிப்புக் கூடத்திலும் இதைச் செய்ய முடியாது; நுண்ணிய தூசியைக் காற்று தாங்கிக்கொள்ளும். கூடம் முழுவதிலிருந்தும் காற்றை உறிஞ்சி எடுத்தாலும் ஈர்ப்பை ஆறில் ஒன்றாக்குவது எப்படி? எறிபொருள் இயக்கம் படித்த எந்தப் பிள்ளையும் அந்தப் படத்திலிருந்து நிலவின் ஈர்ப்பு ஆர்முடுகலைத் தோராயமாகக் கணித்துவிடலாம்.

படத்தை மெதுவாக ஓட்டினால் ஈர்ப்பு குறைந்ததுபோலத் தெரியாதா?

தெரியும், சில விநாடிகளுக்கு. 1969 இல் நேரடித் தொலைக்காட்சிப் படத்தை மெதுவாக்கிக் காட்டிய காந்தத் தட்டுக் கருவிகள் சுமார் அரை நிமிடக் காட்சியைத்தான் பதிய வல்லவை. அப்பலோ 11 வீரர்கள் வெளியே நடந்தது இரண்டரை மணி நேரம். அப்பலோ 17 வீரர்கள் மூன்று நடைகளில் 22 மணி நேரத்துக்கும் மேல் வெளியே இருந்தார்கள்.

ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில்தானே வாழ்ந்தார்? அவரும் திரைப்பட இயக்குநர் ஸ்ரான்லி கியூப்ரிக்கும் சேர்ந்து படம்பிடித்துக் கொடுத்ததாகச் சொல்கிறார்களே?

கிளார்க் நம் ஊர்க்காரராகவே வாழ்ந்தவர் என்பதால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. அவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008 இல் கொழும்பில் இறந்து, பொரளை கனத்தையில் அடக்கம் செய்யப்பட்டார். புவியோடு ஒத்துச் சுற்றும் தொடர்பாடல் செய்மதிகளைப் பற்றி 1945 இலேயே எழுதியவர். கியூப்ரிக்குடன் சேர்ந்து அவர் திரைக்கதை எழுதிய விண்வெளிப் படம் 1968 இல் வெளிவந்ததும் உண்மை. வதந்திக்கு வேண்டிய விதைகள் அவ்வளவும் இங்கே இருக்கின்றன.

அந்தப் படத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். அதில் நிலவின் தரையில் நடப்பவர்கள் பூமியில் நடப்பதுபோலவே நடக்கிறார்கள். மலைகள் கூர்கூராக, வாள் முனைபோல நிற்கின்றன. உலகின் திறமையான இயக்குநருக்கும் தேர்ந்த அறிவியல் எழுத்தாளருக்கும் அன்று எட்டிய கற்பனை அதுதான். அப்பலோ படங்களில் இருப்பவையோ தேய்ந்து உருண்ட மலைகள். பல கோடி ஆண்டுகளாக விழும் நுண்விண்கற்கள் அவற்றை அப்படித் தேய்த்திருக்கின்றன. ஜப்பானும் இந்தியாவும் சீனாவும் பின்னர் கண்டதும் உருண்ட மலைகளைத்தான். ஈகிள் இறங்கிய நாட்களில் கிளார்க் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் அதன் செய்தியாளர் வோல்ரர் குரொன்கைட்டுடன் அமர்ந்து உலகத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிலவில் வைத்த கண்ணாடியில் லேசர் பட்டுத் திரும்புகிறதே, அது போதாதா?

இந்தச் சான்றை நம் பக்கத்தவர்களே அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். அப்பலோ 11, 14, 15 வீரர்கள் வைத்த பிரதிபலிப்பான்கள் இன்றும் வேலை செய்கின்றன. அவற்றால்தான் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிச் செல்வதை அளக்கிறோம். ஆனால் சோவியத்தின் ஆளில்லாத லூனோகொட் வண்டிகள் இரண்டிலும் பிரதிபலிப்பான்கள் இருக்கின்றன. சந்திரயான் 3 இன் விக்ரம் கலத்திலும் சிறியதொன்று உண்டு. ஆகவே அந்த இடத்தில் ஏதோ ஒரு கலம் இறங்கியதைப் பிரதிபலிப்பான் காட்டும். மனிதர் இறங்கினார் என்பதை அது தனியாக நிறுவாது.

மனிதர் இறங்கியதற்குப் பாறைகள்தான் கனமான சான்று. ஆறு பயணங்களில் 382 கிலோகிராம் வந்தது. சோவியத்தின் மூன்று ஆளில்லாத கலங்களும் சேர்ந்து கொண்டுவந்தது ஏறக்குறைய 300 கிராம். சீனாவின் சாங்அ 5 கலம் 2020 இல் 1,731 கிராம் கொண்டுவந்தது. அன்றைய இயந்திரங்களால் 382 கிலோவைத் தேர்ந்தெடுத்து, தட்டி உடைத்து, மீற்றர் கணக்கில் துளையிட்டு எடுத்திருக்க முடியாது. அந்தக் கற்களின் மேற்பரப்பில் நுண்விண்கற்கள் பட்ட கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கின்றன. காற்று மண்டலம் உள்ள பூமியில் கிடந்த கல்லில் அவை உண்டாகா. சூரியக் காற்றின், அதாவது சூரியனிலிருந்து வெளிப்படும் துகள் ஓட்டத்தின், வாயுக்கள் உள்ளே சிக்கியிருக்கின்றன. பல நாட்டு ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றை அறுத்தும் உருக்கியும் பார்த்து வருகிறார்கள். பூமியின் கல்லென்று ஒருவராவது நிறுவியிருந்தால் அவர் பெயர் வரலாற்றில் நின்றிருக்கும்.

நெதர்லாந்து அருங்காட்சியகத்தில் இருந்த நிலவுக்கல் போலியென்று கண்டுபிடித்தார்களே?

ஆம், 2009 இல் அது கல்லாகிப்போன மரத்துண்டு என்று தெரிந்தது. ஆம்ஸ்ரர்டாம் அருங்காட்சியகத்துக்கு அது முன்னாள் பிரதமர் ஒருவரின் உடைமைகளோடு வந்து சேர்ந்தது. ஜனாதிபதி நிக்சன் உலக நாடுகளுக்கு அரசுமுறையாக அனுப்பிய நிலவுத் துகள்களில் அது சேர்ந்ததல்ல; நெதர்லாந்துக்கு அப்படிக் கிடைத்தவை லைடன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது வேறொன்று. சோதித்தவுடனேயே போலி அகப்பட்டுவிட்டது.

பூமியைச் சூழ்ந்துள்ள வான் அலன் கதிர்வீச்சு வளையத்தைக் கடந்தால் மனிதர் இறந்துவிடுவார்களே?

கதிர்வீச்சில் எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு என்பதே கேள்வி. அப்பலோ கலங்கள் வளையத்தின் செறிந்த நடுப்பகுதியைத் தவிர்த்து, மெலிந்த பகுதிகள் ஊடாகச் சில மணி நேரத்தில் கடந்தன. வீரர்கள் அணிந்திருந்த அளவிகளில் மிக அதிகமாகப் பதிவானது அப்பலோ 14 இல்: முழுப் பயணத்துக்கும் ஒரு ராட்டுக்குச் சற்று மேல் (ராட் என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் ஓர் அலகு). மருத்துவமனையில் ஒரு சி.டி. ஸ்கேன் எடுப்பவர் பெறும் அளவோடு ஒப்பிடத்தக்கது. உயிரைப் பறிக்கச் சில நூறு ராட் வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. 1972 ஓகஸ்ட் மாதம், அப்பலோ 16 இற்கும் 17 இற்கும் இடையில், கடும் சூரியப் புயல் ஒன்று வீசியது. அந்த நேரத்தில் யாராவது நிலவில் நின்றிருந்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பார்கள். அப்பலோ திட்டத்துக்கு நல்ல பொறியியலோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் துணை நின்றது.

1969 இல் முடிந்தது என்றால் ஐம்பது ஆண்டுகளாக ஏன் மீண்டும் இறங்கவில்லை? தொழில்நுட்பம் தொலைந்துவிட்டதாமே?

பணமும் அரசியலும்தான் காரணம். 1966 இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நாசாவின் பங்கு நான்கு சதவீதத்துக்கும் மேல்; இன்று அரை சதவீதமும் இல்லை. சோவியத்தை முந்திய பிறகு அங்கே அரசியல்வாதிகளுக்கு அக்கறை போய்விட்டது. 1970 இலேயே அப்பலோ 18, 19, 20 கைவிடப்பட்டன. ரொக்கெட்டைச் செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்டு, தொழிலாளர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். வரைபடங்கள் தொலையவில்லை. அவற்றில் உள்ள உதிரிப் பாகங்களைச் செய்யும் ஆட்களும் கூடங்களும் இல்லாமல் போயின.

அப்பலோ 11 இன் மூலத் தரவு நாடாக்களை நாசா அழித்து மீண்டும் பயன்படுத்திவிட்டது என்பதும் உண்மையே. அது மன்னிக்கக் கடினமான கவனக்குறைவு. ஆனால் ஒளிபரப்பான காட்சிகளின் பதிவுகள் தொலைக்காட்சி நிறுவனங்களிடமும் ஆவணக் காப்பகங்களிலும் இருந்தன. வீரர்கள் அங்கே படச்சுருளில் எடுத்தவையும் பத்திரமாக இருக்கின்றன.

அமெரிக்கர் நான்கு நாட்களில் போனார்கள், இந்தியாவுக்கு ஏன் 40 நாட்கள்? இரண்டில் ஒன்று பொய்தானே?

இரண்டும் உண்மை. அப்பலோவை ஏற்றிச் சென்ற சற்றேர்ண் 5 ரொக்கெட் 110 மீற்றர் உயரம், ஏறக்குறைய 2,900 தொன் எடை. சந்திரயான் 3 ஐ ஏற்றிய எல்.வி.எம். 3 சுமார் 640 தொன். அதனால் நேராக நிலவை நோக்கித் தள்ளிவிட முடியாது. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய கலம் பூமியைச் சுற்றியபடி, தன் சிறு இயந்திரத்தால் பாதையைப் படிப்படியாக நீட்டிக்கொண்டது. ஓகஸ்ட் முதலாம் திகதி பூமியை விட்டு நிலவை நோக்கித் திரும்பியது. ஐந்தாம் திகதி நிலவின் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. இடைவெளியை மட்டும் எண்ணிப் பாருங்கள். அப்பலோவின் பயணக் காலத்துக்கு அது நெருங்கியே வருகிறது. பிறகு இறங்கும் இடத்தில் சூரியன் உதிக்கும் வரை காத்திருந்து, ஓகஸ்ட் 23 மாலை 6.04 இற்கு இறங்கியது.

சந்திரயான் 3 இறங்கிய அன்று நேரடியாகக் காட்டியது கணினி வரைபடம்தானே?

ஆம், கணினி வரைபடம்தான். இஸ்ரோ அதை மறைக்கவில்லை. இறங்கும் நிமிடங்களில் கலத்திலிருந்து வந்துகொண்டிருந்தவை உயரம், வேகம் போன்ற எண்கள். அவற்றைக் கொண்டு திரையில் படம் வரைந்தார்கள். கலத்தின் கமெரா எடுத்த காணொளி அடுத்த நாள் வெளியானது. ஐரோப்பிய விண்வெளி நிலையங்களும் தொடர்புக்கு உதவின. சில நாட்களில் அமெரிக்கச் சுற்றுக்கலம் விக்ரம் நிற்கும் இடத்தைப் படமெடுத்தது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். நிலவு மண்ணில் இஸ்ரோவின் சின்னம் அழகாகப் பதிந்திருக்கும் ஒரு படத்தை நம்மவர்கள் பெருமையோடு பகிர்ந்தார்கள். அது யாரோ கணினியில் வரைந்தது. அன்பினால் பரப்பிய போலியும் போலிதான்; மறுநாள் அதைக் காட்டியே "எல்லாம் பொய்" என்றார்கள். விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் தலைமையில் ஒரு பெரிய அணி பல ஆண்டுகள் உழைத்த உழைப்புக்கு அந்தப் படம் தேவையே இல்லை.

நாடகம் போடுகிறவர் தோல்வியையும் நடிப்பாரா என்றும் யோசியுங்கள். 2019 செப்டெம்பரில் சந்திரயான் 2 இன் இறங்கு கலம் உலகமே பார்த்திருக்க நிலவில் மோதியது. அதன் சிதைவை அமெரிக்கச் சுற்றுக்கலத்தின் பொதுப் படங்களில் முதலில் இனங்கண்டவர் சென்னையைச் சேர்ந்த சண்முக சுப்பிரமணியன். நாசா அதை ஏற்று அவர் பெயரோடு வெளியிட்டது. அந்தப் படங்கள் யாரும் இறக்கிப் பார்க்கத் திறந்தே கிடக்கின்றன.

திருநள்ளாற்றுக்கு மேலே செய்மதிகள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன என்று நாசா வியந்ததாமே?

நாசா அப்படி எதுவும் சொன்னதில்லை. தாழ்ந்த பாதையில் சுற்றும் செய்மதி விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் காக்கிறது, நின்றால் விழும். கொழும்பிலிருந்து திருநள்ளாற்றுக்குப் பக்தியோடு போகிறவரின் நம்பிக்கைக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான மணல்திட்டுகளை மனிதர் கட்டிய பாலம் என்று நாசாவின் படம் நிறுவியதாக 2002 முதல் பரவும் செய்தியும் இதே வகை. விண்ணிலிருந்து எடுத்த படம் அதன் வயதையோ, உண்டாக்கியவரையோ காட்டாது. நிலவில் பாங்கொலி கேட்டு ஆம்ஸ்ட்ரோங் இஸ்லாத்தைத் தழுவினார் என்பதை அவரே மறுத்தார். 1983 இல் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களமும் தன் தூதரகங்களுக்கு அதை எழுதி அறிவித்தது.

செய்மதி என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் கடலடிக் கம்பிதான் என்கிறார்களே?

இணையம் பெரும்பாலும் கடலடிக் கம்பியில் வருகிறது என்பது சரி. ஆனால் மொட்டை மாடியில் உள்ள தொலைக்காட்சி டிஷ் அன்டெனாவை என்ன செய்வது? கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே இருக்கிறது. தொலைக்காட்சிச் செய்மதிகள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. அதனால் நம் டிஷ்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. லண்டனில் இருக்கும் உறவினரிடம் அவர் வீட்டு டிஷ்ஷைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது சுவரோடு ஏறக்குறைய நிமிர்ந்து நின்று, தெற்கே தாழ்வாகப் பார்க்கும். இரண்டு கோணங்களையும் வைத்துச் செய்மதியின் உயரத்தைத் திரிகோண கணிதத்தால் தோராயமாகக் கணித்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. மார்ச் மாத நடுவிலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலும் சில நாட்கள், பகலில் ஒரு குறித்த நேரத்தில், சில நிமிடங்கள் படம் தடைப்படும். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருவதால் ஏற்படும் தடை அது. அந்த நேரத்தில் டிஷ்ஷின் முன்னால் நீளும் கையின் நிழல் சரியாக எங்கே விழுகிறது என்று போய்ப் பாருங்கள்.

என் பெரியப்பா ஓய்வுபெற்ற பொறியியலாளர். அவரே நம்ப மறுக்கிறார். எப்படிப் பேசுவது?

உறவினர் நிறைந்த வீட்டில் மறுத்துப் பேசாதீர்கள். மரியாதை குறைந்ததாக நினைத்தால் அவர் காது மூடிக்கொள்ளும். தனியாக இருக்கும்போது, "பெரியப்பா, இயந்திர வாயின் அழுத்தத்தை ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இந்தக் கதையைப் பரப்பியவர்களில் முன்னோடியான பில் கேசிங் 1976 இல் தன் சொந்தச் செலவில் வெளியிட்ட நூலோடு வந்தவர். ரொக்கெட் இயந்திர நிறுவனத்தில் அவர் செய்தது எழுத்து வேலை. அதையும் 1963 இல் விட்டுவிட்டார். 1967 ஜனவரியில் அப்பலோ 1 பயிற்சியின்போது தீயில் இறந்த கிரிசம், வைற், சாஃபி மூவரைப் பற்றியும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். பொறியியலாளருக்கு அந்த இழப்பின் கனம் தெரியும்.

நிலவில் உள்ள கலங்களை இங்கிருந்து தொலைநோக்கியால் பார்க்கலாமா?

முடியாது. கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தின் தொலைநோக்கியின் விட்டம் 45 சென்ரிமீற்றர். நம் காற்று மண்டலத்தின் ஊடாகப் பார்க்கையில் நிலவில் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பொருட்களே பிரிந்து தெரியும். அடித்தட்டோ கால்களோடு சேர்த்து ஒன்பது மீற்றர்தான்.

அப்படியானால் என் கண்ணாலேயே பார்க்கக்கூடியது எது?

சர்வதேச விண்வெளி நிலையம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. இலங்கையின் முதல் செய்மதியான ராவணா 1, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சிறு பெட்டி, 2019 ஜூன் மாதம் அங்கிருந்துதான் விண்ணில் விடப்பட்டது. கொழும்புக்கு மேலே நிலையம் கடக்கும் நேரங்களை இணையத்தில் முன்கூட்டியே அறியலாம். சூரியன் மறைந்து ஓரிரு மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்கு முன், இமைக்காத பிரகாசமான ஒரு புள்ளி வானத்தைச் சில நிமிடங்களில் கடந்து போகும். சிமிட்டும் விளக்குகள் இருந்தால் அது விமானம். ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் மேகம் குறைவு. காலிமுகத்திடலின் தென்கோடியில் விளக்கொளியும் சற்றுக் குறைவு.